இரும்பு 56, சூரா 57

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி என் பெரியத்தா பையன் போன் பண்ணான். பத்தாவது படிக்கிறான். "அண்ணா, நீ ஸ்கூல் படிக்கும்போது இரும்பைப் பத்திப் பேசி ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினியே, அந்தப் பேப்பர் இன்னும் இருக்கா? இந்த வருஷம் மதரஸா ஆண்டு விழாவுல நான் பேசணும்" அப்படின்னான்.

பேப்பர் இருந்துச்சு. என் மார்க் ஷீட் ஃபைலுக்குள்ள அம்மா பத்திரமா வச்சிருக்காங்க. ஆனா நான் உடனே அனுப்பல. ஒரு வாரம் டைம் குடுடான்னேன். அந்த ஒரு வாரத்துல தேடினது, படிச்சது, மெக்கானிக்கல்ல நாலு வருஷம் உக்காந்ததுல காதுல விழுந்தது எல்லாத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். நான் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து இங்கிலீஷ் மீடியம். ற, ர மாறியிருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

மொதல்ல அந்தப் பேச்சு என்னன்னு சொல்லிடறேன். திருக்குர்ஆன்ல மொத்தம் 114 அத்தியாயம். 57-வது அத்தியாயத்துக்குப் பேர் அல்ஹதீத், அதாவது இரும்பு. அதுல 25-வது வசனத்துல, இறைவன் இரும்பை இறக்கினதாகவும், அதுல கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் இருக்கறதாகவும் வருது. என் பேச்சோட சாரம் இதுதான்: இரும்பு பூமியில உண்டானது இல்ல, நட்சத்திரங்கள்ல உண்டாகி இங்க வந்தது, இதை விஞ்ஞானிங்க இருபதாம் நூற்றாண்டுலதான் கண்டுபிடிச்சாங்க, குர்ஆன் 1400 வருஷத்துக்கு முன்னாடியே 'இறக்கினோம்'னு சொல்லிடுச்சு. அதோட விடல. அரபி எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, அப்ஜத் கணக்குன்னு பேர். ஹதீத்ங்கற சொல்லைக் கூட்டினா 8, 4, 10, 4, ஆக 26. இரும்போட அணு எண் 26. முன்னாடி 'அல்' சேர்த்தா இன்னும் 31, மொத்தம் 57. அத்தியாய எண்ணும் 57. இரும்புக்கு 57 நிறை எண் உள்ள ஒரு ஐசோடோப்பும் இருக்கு. மைக்கைப் பிடிச்சு இதைச் சொன்னப்போ கூட்டத்துல "சுப்ஹானல்லாஹ்"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஹாஸ்டல்ல இப்பவும் அதுலதான் மிக்சர் போட்டு வச்சிருக்கேன்.

செகண்ட் இயர்ல மெட்டலர்ஜி பேப்பர் வந்தப்போ, ஹாஸ்டல் ரூம்ல ஒரு நாள் ராத்திரி இதே கதையைப் பெருமையா எடுத்து விட்டேன். ரூம்மேட் அமைதியா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஏண்டா, இரும்புன்னா 56 தானே? புக்குல 55.85ன்னுதானே போட்டிருக்கு?"

பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரி தூக்கமும் வரல. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. அத்தியாய எண் பொருந்தலைன்னா என் தொழுகைக்கு என்ன ஆகும்னு யோசிச்சேன். மடத்தனமான கேள்விதான். ஆனா நம்பிக்கையை அந்த ஆணியில கொண்டுபோய் மாட்டினது நான்தானே? ஆணி ஆடினா மாட்டினதும் ஆடத்தானே செய்யும்?

சரி, பாடத்துக்கு வருவோம். உங்க வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்ல இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வந்திருக்கும். முஸ்லிம் வீடா இருக்கணும்னு அவசியமே இல்ல, அதுக்குப் பின்னாடி வரேன். அதை எப்படிச் சோதிக்கறதுன்னு இரும்பை வச்சே பார்க்கலாம்.

'இரும்பு நட்சத்திரத்துல உண்டானது' சரியான அறிவியல்தான். சூப்பர்நோவா வெடிப்புல உருவாகற நிக்கல்-56, கோபால்ட்-56 ஆகி, கடைசியில இரும்பு-56 ஆகுது. ஆனா என் பேச்சுல நான் சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. (அப்ப எனக்கே தெரியாது.) ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் லித்தியம் இதை விட்டா, நம்மளச் சுத்தி இருக்கற கிட்டத்தட்ட எல்லாத் தனிமமும் நட்சத்திரச் சமாச்சாரம்தான். நீங்க இப்ப இழுத்த மூச்சுல இருக்கற ஆக்சிஜன், தோசையில இருக்கற கார்பன், நொய்யல் மணல்ல இருக்கற சிலிக்கான் எதுவுமே பூமியில செஞ்சது இல்ல. அப்ப இரும்புக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு?

அடுத்தது 'இறக்கினோம்'ங்கற சொல். இங்கதான் எனக்கு மொத அடி விழுந்துச்சு. அதே வினைச்சொல் குர்ஆன்ல வேற எங்க வருதுன்னு நான் தேடினதே இல்ல. 39-வது அத்தியாயம், 6-வது வசனத்துல கால்நடைகளை இறக்கினதா வருது. 7-வது அத்தியாயம், 26-வது வசனத்துல ஆடையை இறக்கினதா வருது. ஆடு மாடு வானத்துல இருந்து விழுந்துச்சுன்னு யாரும் சொல்றது இல்ல. சட்டை விண்கல்லுல வந்துச்சுன்னும் சொல்றது இல்ல. அங்கெல்லாம் 'அருளினான், கொடுத்தான்'னு சாதாரணமா எடுத்துக்கறோம். இரும்புக்கு மட்டும் திடீர்னு சூப்பர்நோவா. ஒரே சொல்லுக்கு நமக்கு வேணுங்கற இடத்துல ஒரு அளவு, வேண்டாத இடத்துல இன்னொரு அளவு. லேப்ல ஒரே வெர்னியரை ரெண்டு ஜீரோ எரர் வச்சு ரீடிங் எடுத்தா மேம் என்ன சொல்வாங்க?

சரி, வானத்துல இருந்துன்னே வச்சுக்குவோம். அதாவது மத்தவங்களுக்குத் தெரியாத சேதியா? அதுவும் இல்ல. எகிப்துல கெர்சேங்கற இடத்துல கிடைச்ச இரும்பு மணிகள் 5000 வருஷத்துக்கு மேல பழசு, விண்கல் இரும்பைத் தட்டிச் செஞ்சது. துட்டன்காமன் கல்லறையில இருந்த குத்துவாளும் விண்கல் இரும்புதான்னு 2016-ல எக்ஸ்ரே சோதனை வச்சு உறுதிப்படுத்தினாங்க. எகிப்துக்காரங்க இரும்புக்கு 'வானத்து இரும்பு'ன்னு பொருள் வர்ற ஒரு சொல்லையே வச்சிருந்தாங்க. பாவம், அவங்க சூப்பர்நோவாவைக் கண்டுபிடிச்சாங்கன்னு யாரும் பயான் பண்றது இல்ல. கல்லு மேல இருந்து விழுந்துச்சு, எடுத்தாங்க, தட்டினாங்க, அவ்வளவுதான்.

இனி எண்களுக்கு வருவோம், ஏன்னா கூட்டத்துல சத்தம் வந்தது அங்கதான். இயற்கையில கிடைக்கற இரும்புல சுமார் 91.7 சதவீதம் இரும்பு-56. இரும்பு-57 சுமார் 2.1 சதவீதம்தான். இரும்பை அடையாளம் காட்ட ஒரு எண் வேணும்னா 56-ஐ விட்டுட்டு யாராவது 57-ஐ எடுப்பாங்களா? அத்தியாயம் 57-ன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாத்தான் எடுப்பாங்க. அணு எண் வேணும்னா 'அல்'லை எடுத்துடணும், அத்தியாய எண் வேணும்னா 'அல்'லைச் சேர்த்துக்கணும். வசன எண் 25, அது மாங்கனீசோட அணு எண். அதுக்கும் வழி வச்சிருக்காங்க: ஆரம்பத்துல வர்ற பிஸ்மில்லாவையும் ஒரு வசனமா எண்ணினா 26 ஆயிடும்! தங்கத்தோட அணு எண் 79. 79-வது அத்தியாயத்துல தங்கத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. செம்பு 29, 29-வது அத்தியாயத்தோட பேர் சிலந்தி. இதையெல்லாம் யாரும் மைக்ல சொல்றது இல்ல.

நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னு ஒரு சின்ன எக்ஸ்பெரிமெண்ட் பண்ணேன். திருக்குறள் அதிகாரப் பட்டியலையும் பீரியாடிக் டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தேன். நீங்களும் பண்ணிப் பாருங்க, நல்லாப் பொழுது போகும்.

26-வது அதிகாரம் புலால் மறுத்தல். 26 இரும்பு. இறைச்சியில இரும்புச்சத்து இருக்குன்னு வள்ளுவருக்குத் தெரிஞ்சிருக்கு! 29-வது அதிகாரம் கள்ளாமை, அதாவது திருடாதே. 29 செம்பு. தோட்டத்து மோட்டார்ல காப்பர் கேபிளைத் திருடிட்டுப் போறானுங்களே, அதை ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எச்சரிச்சுட்டார். 79 தங்கம், 79-வது அதிகாரம் நட்பு. தங்கமான நண்பன்! 82 ஈயம், விஷம். 82-வது அதிகாரம் தீ நட்பு. இதைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் புல்லரிச்சிடுச்சு, சத்தியமா. 17 குளோரின், 17-வது அதிகாரம் அழுக்காறாமை. அழுக்காறுன்னா பொறாமைன்னு தமிழ் மிஸ் சொல்வாங்க, நாம அதைக் கண்டுக்காம 'அழுக்கு'ன்னு எடுத்துக்கிட்டா பிளீச்சிங் பவுடர் வரைக்கும் போயிடலாம்.

92 யுரேனியம். 92-வது அதிகாரம் வரைவின் மகளிர். எவ்வளவு முக்கிப் பார்த்தும் ஒண்ணும் வரல. அதனால அதை விட்டுட்டேன். 13 அலுமினியம், 14 சிலிக்கான், 47 வெள்ளி எல்லாத்தையும் விட்டுட்டேன். பொருந்தின அஞ்சை மட்டும் அழகா ஒரு படத்துல போட்டு, பின்னாடி வள்ளுவர் சிலையை வச்சு அனுப்பினா நம்ம ஊர் குரூப் எல்லாம் ஒரே நாள்ல சுத்தி வந்துடும். (அனுப்பல. ஆனா ஆசையா இருந்துச்சு.)

இதுக்கு நம்ம பாஷையில ஒரு பேர் இருக்கு: ரீடிங் சமைக்கிறது. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல பெண்டுலத்தை ஆட்டிட்டு g கண்டுபிடிக்கச் சொன்னா, யாருக்காவது 9.8-ஐத் தவிர வேற வந்திருக்கா? விடை முன்னாடியே தெரியும். அதுல இருந்து பின்னாடி போய் டைம் எவ்வளவு இருக்கணும்னு கணக்குப் போட்டு அப்சர்வேஷன் நோட்ல எழுதிடுவோம். ஒத்து வராத ரெண்டு ரீடிங்கை அடிச்சுடுவோம். கிராஃப் நேர் கோட்டுல வரும், சைன் வாங்கிடுவோம். ஆனா அந்த நோட்டை வச்சு இந்தப் பூமியைப் பத்திப் புதுசா ஒண்ணாவது தெரிஞ்சிருக்கா? கிடையாது. விடை தெரிஞ்ச பிறகு வசனம் தேடறதும் அதேதான். 7-ஆம் நூற்றாண்டுல இருந்து 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் கோடிக்கணக்கான பேர் இந்த அத்தியாயத்தை ஓதியிருக்காங்க, மனப்பாடமா வச்சிருந்தாங்க. சூப்பர்நோவாவுல இரும்பு உருவாகுதுன்னு ஒருத்தர்கூட அதுல இருந்து எடுத்துச் சொல்லல. விண்ணியற்பியல் ஆளுங்க சொன்ன பிறகுதான் வசனத்துக்குள்ள அது 'தெரிஞ்சது'.

எங்க அத்தா கணபதியில ஒரு ஃபவுண்டரில மோல்டிங் வேலை. இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னப்போ அவர் சுருக்கமா ஒண்ணு சொன்னார். "ஊத்தி முடிச்ச பிறகு டிராயிங்க மாத்திக்கலாம்னா எந்தக் காஸ்டிங்டா ரிஜெக்ட் ஆகும்?"

இப்ப இது எங்க இருந்து கிளம்புச்சுன்னு பார்க்கலாம். 1976-ல மோரிஸ் புக்காய்ங்கற பிரெஞ்சு டாக்டர், பைபிளையும் குர்ஆனையும் நவீன அறிவியலையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். அது உலகம் முழுக்கப் போச்சு. இந்தப் போக்குக்கே 'புக்காயிசம்'னு ஒரு கேலிப்பேர் வந்துடுச்சு. 1983-ல டொராண்டோ பல்கலைக்கழகத்துக் கருவியல் பேராசிரியர் கீத் மூரோட பாடப்புத்தகம், இஸ்லாமியச் சேர்க்கைகளோட ஒரு தனிப்பதிப்பா வந்துச்சு. கருவைப் பத்தி 23-வது அத்தியாயத்துல வர்ற வசனத்துக்கு மேடையில எல்லாரும் காட்டற சாட்சி அவர்தான். 1980-கள்ல நிறைய மேற்கத்திய விஞ்ஞானிகளை மாநாடுகளுக்குக் கூப்பிட்டு, கேமரா முன்னாடி கருத்துச் சொல்ல வச்சாங்க. 2002 ஜனவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை அவங்கள்ல சிலரைத் திரும்பப் போய்ப் பார்த்துச்சு. நாங்க சொன்னதை வெட்டி ஒட்டிட்டாங்க, சிக்க வச்சுட்டாங்கன்னு சிலர் வருத்தப்பட்டாங்க. அந்தப் பேட்டிகளோட வீடியோ இன்னைக்கும் ஃபார்வர்டுல சுத்துது. 2002-ல வந்த சேதி சுத்தறது இல்ல.

கரு விஷயத்துல ரொம்ப உள்ள போகல, நான் பயாலஜி எடுக்காதவன். ஒண்ணு மட்டும். எலும்பு உண்டாகி அதுக்குப் பிறகு அது மேல சதை போர்த்தப்படறதா அந்த வசனம் வரிசைப்படுத்துது. அது அப்படியே கருவியல்னு சொல்றாங்க. இன்னைக்குப் பாடத்துல தசையும் எலும்புக்கு முன்னோடியான குருத்தெலும்பும் ஏறக்குறைய ஒரே காலத்துலதான் உருவாகுது. கருவைப் படிப்படியாப் பிரிச்சுச் சொல்றதும் குர்ஆனுக்கு நாலு நூற்றாண்டுக்கு மேல முன்னாடியே கிரேக்க மருத்துவர் கேலன்கிட்ட இருக்கு. அங்க இருந்து இங்க வந்துச்சுன்னு நான் சொல்லல, அது வேற விவாதம். 'யாருக்குமே தெரியாத சேதி'ன்னு சொல்ல முடியாதுங்கறேன், அவ்வளவுதான்.

ஏழு வானம் கதை இன்னும் சுவாரசியம். நடுக்காலத்துல பல அறிஞர்கள் ஏழு வானம்னா சந்திரன், சூரியன், அஞ்சு கிரகங்களோட கோளங்கள்னு விளக்கம் சொன்னாங்க. ஏன்னா அன்னைக்கு இருந்த 'லேட்டஸ்ட் சயின்ஸ்' கிரேக்கர்களோட வானியல். அது பொய்யாயிடுச்சு. இப்ப அதே ஏழு வானம்னா வளிமண்டலத்தோட ஏழு அடுக்குங்கறாங்க. நாம படிச்ச புக்குல டிரோப்போ, ஸ்ட்ராட்டோ, மீசோ, தெர்மோ, எக்சோன்னு அஞ்சுதான். ஓசோனையும் அயனோவையும் தனியா எண்ணிக்கிட்டா ஏழு. சமைச்ச ரீடிங்!

நம்ம ஊர்ல இது முஸ்லிம் வியாதி மட்டும்னு யாராவது சந்தோஷப்பட்டா, கொஞ்சம் பொறுங்க. அன்னைக்கு 56-ன்னு என்னை மடக்கின அதே ரூம்மேட், அடுத்த செமஸ்டர்ல ஒரு வீடியோ காட்டினான். திருநள்ளாறு கோயிலுக்கு மேல போகும்போது சேட்டிலைட் எல்லாம் மூணு செகண்ட் ஸ்தம்பிச்சு நிக்குது, நாசாவே மிரண்டுடுச்சுன்னு. "ஏண்டா, லோ ஆர்பிட்ல நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல போற வண்டி பிரேக் போட்டு நின்னா அப்புறம் எப்படிடா மேலயே இருக்கும்?"னு கேட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டோம். 2019 ஜனவரியில ஜலந்தர்ல நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுல, ஆந்திரப் பல்கலைக்கழகத்தோட அப்போதைய துணைவேந்தரே கௌரவர்கள் நூறு பேரும் டெஸ்ட் டியூப் குழந்தைகள்னு பேசி, பல ஊர்ல விஞ்ஞானிங்க எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. அது ஃபார்வர்டு இல்ல, மேடையில மைக் போட்டுப் பேசினது.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இந்த வசனம்-அறிவியல் வியாபாரத்தை எதிர்த்தது நாத்திகர்கள் மட்டும்தான்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். தூக்கம் வராத அந்த வாரத்துல, ஊருக்கு வந்தப்போ எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன். அடி விழும்னு பயம். அவர் சிரிச்சுட்டு, "ஏந்தம்பி, குர்ஆனுக்கு அமெரிக்காக்காரன் அட்டெஸ்டேஷன் போட்டாத்தான் செல்லுமா?"ன்னார். அப்புறம் அவர் சொன்ன பேர்தான் அஷ்ரஃப் அலீ தானவி. 1863-ல பிறந்து 1943-ல இறந்த தேவ்பந்த் வழி ஆலிம், பெரிய மார்க்க அறிஞர். குர்ஆன்ல விஞ்ஞானத்தைத் தேடறது தப்புன்னு அவர் அப்பவே எழுதிட்டார். இன்னைக்கு ஒரு கோட்பாட்டை வசனத்தோட கட்டிவச்சா, நாளைக்கு அந்தக் கோட்பாடு விழும்போது வசனத்தையும் சேர்த்து இழுத்துட்டு விழும்ங்கறது அவரோட கவலை. ஹாஸ்டல் ரூம்ல எனக்கு நடந்தது அச்சு அசலா அதேதான்! அவருக்கும் முன்னாடி, 1388-ல இறந்த கிரனடா அறிஞர் ஷாதிபி, குர்ஆனை அதை முதல்ல கேட்ட மக்கள் எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்களோ அந்த எல்லைக்குள்ள நின்னு புரிஞ்சுக்கணும்னு வாதாடினார். எல்லா அறிவியலும் அதுக்குள்ள இருக்குன்னு சொல்றவங்களை அவர் ஏத்துக்கல. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே!

உண்மையான விஞ்ஞானம் செஞ்ச முஸ்லிம்கள் எப்படிச் செஞ்சாங்க? அல்பிரூனியைப் பாருங்க. பஞ்சாப்ல, இப்ப பாகிஸ்தான்ல இருக்கற நந்தனா கோட்டை மலை மேல ஏறி நின்னு, தொடுவானம் எவ்வளவு கோணம் தாழ்ந்து தெரியுதுன்னு அளந்து, பூமியோட ஆரத்தைக் கணக்குப் போட்டார். மலை, கருவி, திரிகோணமிதி, அவ்வளவுதான். 1030 வாக்குல இந்தியாவைப் பத்தி அவர் எழுதின புத்தகத்துல பிரம்மகுப்தரை விமர்சிக்கற ஒரு இடம் இருக்கு. கிரகணம் எப்படி வருதுன்னு பிரம்மகுப்தருக்கு நல்லாத் தெரியும், கணக்கும் சரியாப் போட்டார். ஆனா ராகு கதைக்குப் பணிஞ்சு பேசிட்டார்ங்கறதுதான் பிரூனியோட ஆதங்கம். நூல்ல இருக்குங்கறதுக்காக, பார்த்ததை மாத்திச் சொல்லாதேங்கறார். நம்ம வாட்ஸ்ஆப் மாமாக்களுக்கு இதை யாராவது ஃபார்வர்டு பண்ணா நல்லா இருக்கும்.

இரும்புக்கே வருவோம். 9-ஆம் நூற்றாண்டுல அல்கிந்திங்கற அறிஞர், கலீஃபா முஃதஸிமுக்காக வாள்களைப் பத்தி ஒரு நூல் எழுதினார். எந்த ஊர் எஃகு, எந்த ஊர் அடிப்பு, மேற்பரப்புல ஓடற நெளி எப்படி, ஆண் இரும்பு எது, பெண் இரும்பு எதுன்னு வகை பிரிச்சிருக்கார். நம்ம பாஷையில மெட்டீரியல் ஹேண்ட்புக். அதுல சரந்தீப், அதாவது இலங்கை எஃகும் வருது. இலங்கையில சமனல வாவிப் பக்கம் மலைச்சரிவுல பருவக்காத்தையே துருத்தியா வச்சு இரும்பு உருக்கின உலைகளை, கில் ஜூலெஃப்ங்கற தொல்லியல் அறிஞர் கண்டுபிடிச்சு 1996-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அது 7-ஆம் நூற்றாண்டுல இருந்து நடந்த தொழில். அதாவது குர்ஆன் ஓதப்பட்ட அதே நூற்றாண்டு.

அரபியில நல்ல வாளுக்கு 'முஹன்னத்'னு ஒரு பேர் உண்டு. ஹிந்து நாட்டுல செஞ்சது, அதாவது 'மேட் இன் இந்தியா'. இஸ்லாத்துக்கு முந்தின கவிஞர்களே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்காங்க. 'இரும்புல கடும் வலிமை இருக்கு'ன்னு கேட்ட அந்தக் காலத்து அரபிக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? சூப்பர்நோவாவா? இடுப்புல தொங்கற வாள்தான்.

நம்ம நொய்யல் ஆத்தங்கரையில, ஈரோடு மாவட்டத்துல கொடுமணல் இருக்கு. 1985-ல இருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் உள்பட பல குழுக்கள் தோண்டின இடம். இரும்பு உருக்கின உலை, எஃகு செஞ்ச மூசை எல்லாம் அங்க கிடைச்சது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அத்தா கணபதியில செய்யற வேலையோட பூர்வீகம் அதே ஆத்தோரம்தான்னு நினைச்சா எனக்கு ஒரு கர்வம் வரும். ஆனா கொடுமணல் எஃகுதான் அரேபியாவுக்கு வாளாப் போச்சுன்னு நான் எழுத மாட்டேன். எழுதினா நல்லாத்தான் இருக்கும், கோயம்புத்தூர்க்காரங்க கை தட்டுவீங்க. கொடுமணலுக்கும் அந்த வாளுக்கும் நடுவுல பல நூறு வருஷ இடைவெளி இருக்கு. அதை ஆசையை வச்சு நிரப்பினா அதுவும் சமைச்ச ரீடிங்தான்.

இவ்வளவும் படிச்ச பிறகு அந்த 25-வது வசனத்தைத் திரும்ப, இந்தத் தடவை முழுசாப் படிச்சேன். ஸ்கூல்ல பேசினப்போ நான் பின்பாதியை மட்டும்தான் எடுத்திருந்தேன். முன்பாதியில தூதர்களைப் பத்தி வருது, அவங்களோட வேதமும் தராசும் இறக்கப்பட்டதா வருது, எதுக்குன்னா மக்கள் நீதியில நிலைச்சு நிக்கணும்னு. அதுக்கு அப்புறம்தான் இரும்பு. வேதம், தராசு, இரும்பு. நீதி, எடை, ஆயுதம். 'இறக்கினோம்'ங்கறது தராசுக்கும் சேர்த்துத்தான் வருது. தராசு எந்தச் சூப்பர்நோவாவுல உருவாச்சு? அந்த வசனம் பேசற விஷயமே வேற. கையில இரும்பு வச்சிருக்கறவன் எடையைச் சரியாப் போடறானாங்கறது. நான் ஐசோடோப் எண்ணிக்கிட்டு இருந்ததுல அது கண்ணுலயே படல.

நான் இப்பவும் தொழறேன். முன்ன விட நிம்மதியாத்தான் தொழறேன்னு சொல்லலாம், யாரும் புதுசா ஒரு கிரகம் கண்டுபிடிச்சா எனக்குப் பதட்டம் வர்றது இல்ல. நீங்க நம்பணும்னோ நம்பக்கூடாதுன்னோ சொல்ல இந்தக் கட்டுரை எழுதல. அடுத்த தடவை 'அப்பவே சொல்லிட்டாங்க'ன்னு ஏதாவது வந்தா, எந்த மதமா இருந்தாலும், விஞ்ஞானி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி யாராவது அந்த வரியை வச்சு அதைச் சொன்னாங்களான்னு கேளுங்க. அதே சொல் வேற இடத்துல என்ன பொருள்ல வருதுன்னு தேடுங்க. பொருந்தாம விட்டது எத்தனைன்னு எண்ணுங்க. இந்த மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம், ஏன்னா விட்டதை யாரும் காட்ட மாட்டாங்க.

தம்பி மேட்டர் என்னாச்சுன்னு கேப்பீங்க. ஒரு வாரம் கழிச்சு பழைய பேப்பரை அனுப்பினேன், கூடவே இந்தக் கதை எல்லாம் வாய்ஸ் நோட்டா. முதல்ல கோவிச்சுக்கிட்டான். "நீ மட்டும் பிரைஸ் வாங்கிக்கிட்டே"ன்னான். நியாயம்தான். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து புதுசா எழுதினோம்: முஹன்னத் வாள், அல்கிந்தி, காத்துல எரிஞ்ச உலை, கடைசியில தராசு. அவனை ஒரு நாள் அத்தாவோட ஃபவுண்டரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊத்தறதைப் பார்த்துட்டு வாயடைச்சுப் போய் நின்னான். இரும்பு இறங்கறதைப் பார்க்கணும்னா அங்கதான் பார்க்கணும்.

போன வாரம் விழா முடிஞ்சது. நம்ம ஆளுக்கு மூணாவது பரிசு, ஒரு பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில். நிலா ரெண்டாப் பிளந்த தடத்தை நாசா படம் எடுத்திருக்குன்னு பேசின பையனுக்கு முதல் பரிசு. ராத்திரி தம்பி போன் பண்ணான்.

"அண்ணா, அந்த நிலா மேட்டர் உண்மையா?"

ஒரு வாரம் டைம் குடுடான்னேன். "இந்தத் தடவை நானே தேடறேன், எங்க தேடறதுன்னு மட்டும் சொல்லு"ன்னான்.